வாசல் கேமராவில் ஒரு நொடி தாமதமும் ஆபத்து

மதில் மறைக்கும் வாசலிலிருந்து காரை எடுக்க வைஃபை கேமரா மாட்டி, மொபைலில் பார்த்து வெளியே வருகிறீர்களா? வேண்டாம். அதில் படம் ஓரிரு நொடி பிந்தித்தான் வரும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பைக் ஒரு நொடிக்குள் 11 மீட்டர் தாண்டிவிடும். திரையில் ரோடு காலியாக இருக்கும், வண்டியோ உங்கள் பம்பர் பக்கத்தில் நிற்கும்!

ஒயர் வழியே படத்தை உடனுக்குடன் அனுப்பும் அனலாக் கேமரா, டிரைவர் சீட்டிலிருந்து தெரிகிற மாதிரி கேட் தூணுக்கு உட்புறம் ஒரு சின்ன மானிட்டர், இது போதும். ஒரே கேமராதான் என்றால் வலப்பக்கம் பார்த்து வையுங்கள், நமக்கு அருகில் வரும் வண்டிகள் அங்கிருந்துதான். லென்ஸைச் சற்றே கீழே சாய்த்தால் இரவில் ஹெட்லைட் கூசாது. அப்புறம், ரோட்டைப் பார்க்க வாசலில் ஏற்கெனவே மாட்டிய குவி கண்ணாடி (வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி) இருந்தால் கழற்றிவிடாதீர்கள், கரண்ட் போனால் அதுதான் துணை.