புது ஏசி: மூன்றாவது வாரத்தில் அளந்து பார்க்க வேண்டியவை

ஏசி பொருத்தி முடித்த மெக்கானிக், ரிமோட்டை 18 டிகிரியில் வைத்துக் குளிர்காற்று வருவதைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அன்றைக்கு வந்த குளிர்ச்சி உண்மையானதுதான். ஆனால் செம்புக் குழாயின் முனையைச் சீராக விரிக்காமல், குழாயை யூனிட்டோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டை முறுக்கியிருந்தால், அந்த இணைப்பின் வழியே கேஸ் சிறுகச் சிறுகக் கசிந்து, இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே குறை வெளியே தெரியும். புது ஏசியில் நான் கண்ட கோளாறுகள் பெரும்பாலும் இயந்திரத்தில் பிறந்தவை அல்ல; நம் வீட்டுச் சுவரில் அதைப் பொருத்திய அரை நாளில் பிறந்தவை. ஆகவே முதல் வாரத்தில் ஒரு முறையும் மூன்றாவது வாரத்தில் ஒரு முறையும் சில அளவுகளை எடுத்து எழுதி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெயிலில் நடந்து வந்தவருக்கு 27 டிகிரி அறையும் சில்லென்றுதான் இருக்கும் என்பதால், உடம்பின் உணர்வை மட்டும் நம்பி ஏசியை மதிப்பிட முடியாது.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நுனியில் கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு மீட்டர் ஒன்று, ஒரு வாளி, ஒரு நோட்டு ஆகியவை போதும். சென்னையில் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் (தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும்) ஸ்பிளிட் ஏசி வைத்திருக்கும் வீட்டை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். மற்ற அளவு ஏசிகளுக்கும் முறை இதுவே.

அளக்கும் நேரம் இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், பகல் முழுதும் வெயில் குடித்த தளம் இரவு ஏழு எட்டு மணிக்குத்தான் உள்பக்கம் வெப்பத்தை இறக்கும். அந்த அறையைக் காலையில் ஒரு நாளும் இரவில் ஒரு நாளும் அளந்து ஒப்பிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருள் இருக்காது. கதவு, ஜன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்தி, ரிமோட்டில் கூல் முறையைத் தேர்ந்து, வெப்பநிலையை 16 அல்லது 17 டிகிரியிலும் காற்று வேகத்தை அதிகபட்சத்திலும் வைக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் எக்கோ முறை இயங்கிக்கொண்டிருந்தாலோ, கம்ப்ரசரின் திறனை 40, 60, 80 விழுக்காடாகக் குறைக்கும் வசதியை யாரேனும் அழுத்தி வைத்திருந்தாலோ, நல்ல ஏசியும் சோனியாகவே தெரியும். ‘குளிரவில்லை’ என்று புகார் கொடுக்கும் முன் இந்த ஒன்றைப் பார்த்துவிடுவது அவசியம். பிறகு 20 நிமிடங்கள் ஓட விட வேண்டும். அறை ஏற்கெனவே குளிர்ந்திருந்தால் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துவிடும் என்பதால், வெப்பமான அறையில்தான் இதைத் தொடங்க வேண்டும்.

இருபதாவது நிமிடத்தில், இன்டோர் யூனிட்டின் மேற்புறச் சல்லடைக்கு அருகே, அறைக்காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்தில் வெப்பநிலையை அளக்க வேண்டும். அடுத்து, குளிர்காற்று வெளிவரும் வாயின் நடுவில் தெர்மாமீட்டரின் நுனியைச் சுழலும் காற்றாடியில் படாதவாறு பிடித்து, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் ஏசி தன் வேலையைச் செய்கிறது எனக் கொள்ளலாம். முழு வேகத்தில் ஓடும்போதும் 6 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் ஐயப்பட இடமுண்டு. மாறாக, வித்தியாசம் 15 டிகிரியைத் தாண்டி, காற்றும் மெலிவாக வந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம். காற்றோட்டம் எங்கோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். புதிதாகக் குடிபுகுந்த அடுக்குமாடி வீடுகளில் மரவேலைத் தூளும் பட்டி தேய்த்த தூசியும் பத்தே நாளில் ஃபில்டரை மூடிவிடுகின்றன. ஃபில்டரைக் கழற்றிக் குழாய் நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டிவிட்டு மீண்டும் அளக்க வேண்டும்.

கடலோர ஊர்க்காரர்கள் இந்த எண்ணை ஈரப்பதத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். காற்றிலுள்ள ஒரு லிட்டர் நீராவியைத் தண்ணீராக்க ஏசி ஏறத்தாழ 0.68 யூனிட் (கிலோவாட்-மணி) அளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஒன்றரை டன் ஏசியின் முழுத் திறன் ஏறத்தாழ 5 கிலோவாட். மணிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வடிந்தால், ஏசியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு காற்றைக் குளிர்விக்காமல் காற்றை உலர்த்துவதற்கே செலவாகிறது. கடற்காற்று புகுந்த புழுக்கமான மாலையில் வித்தியாசம் 8 டிகிரியாகவும், வறண்ட ஒரு நாளில் 11 டிகிரியாகவும் அதே ஏசி காட்டுவது இதனால்தான். எனவே ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அப்போதைய ஈரப்பதத்தையும் எழுதி வைக்க வேண்டும். அது இல்லாத ஒப்பீடு வீண் கவலையைக் கொடுக்கும், அல்லது வீண் நிம்மதியைக் கொடுக்கும்.

டிரெயின் பைப்பின் முனையில் வாளியை வைத்து ஒரு மணி நேரத்தில் சேரும் தண்ணீரை அளப்பதும் நல்ல சோதனை. புழுக்கமான இரவில், முழு வேக ஓட்டத்தில், ஒரு லிட்டரோ அதற்குச் சற்று மேலோ சேர்வது இயல்பு. அறை உலர உலர அது குறையும். வாளி காய்ந்து கிடக்க, இன்டோர் யூனிட்டின் அடியில் சுவர் நனைந்திருந்தால், குழாய்க்குச் சரிவு கொடுக்கவில்லை அல்லது நடுவில் அது மேடேறி வளைந்திருக்கிறது. இதைப் பொருத்தியவரே வந்து இலவசமாகச் சரிசெய்துதர வேண்டும்.

கேஸ் கசிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணமும் மன உளைச்சலும் அதிகம் செலவாகும் இடம் இதுவே. எங்கள் வீட்டில் அம்மாவின் அறைக்கு வாங்கிய ஏசி, முதல் வாரத்தில் 11 டிகிரி வித்தியாசம் காட்டியது. பதினெட்டாம் நாள் அது 8 ஆகி, இருபத்து நான்காம் நாள் 6 ஆனது. ஈரப்பதம் மூன்று நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அம்மா மட்டும் ‘முன்னே மாதிரி இல்லையே’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வெயிலின் மேல் பழி போட்டோம். அவுட்டோர் யூனிட்டில் பார்த்தபோது, மெல்லிய குழாய் சேரும் நட்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருந்தன. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் இந்த எண்ணெய்க் கறை தேங்கும். சோப்பு நுரையைத் தடவியதும் குமிழி ஒன்று மெல்ல ஊதிப் பெருத்தது. அந்த நோட்டில் மூன்று தேதிகளும் மூன்று எண்களும் இல்லாமல் இருந்திருந்தால், ‘கோடை அதிகம், அப்படித்தான் இருக்கும்’ என்று சொன்ன மெக்கானிக்கிடம் என்னால் வாதாடியிருக்க முடியாது.

கேஸ் குறைந்ததற்கு வேறு அடையாளங்களும் உண்டு. அவுட்டோர் யூனிட்டில் உள்ள இரண்டு குழாய்களில் தடித்தது குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாயில் வெண்பனி படிந்திருந்தால் அது கேஸ் குறைவையே பெரும்பாலும் காட்டும். ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளிருக்கும் காயிலின் (குளிர்விக்கும் குழாய்ச் சுருளின்) ஒரு பகுதியில் மட்டும் பனி கட்டி, மற்றப் பகுதி காய்ந்து கிடப்பதும் அப்படியே. காயில் முழுவதும் பனி மூடியிருந்தால் முதலில் ஃபில்டரையும் காற்றாடியையும் சந்தேகிக்க வேண்டும். கசிவைத் தேடும்போது மெழுகுவர்த்தி, தீக்குச்சி எதையும் அருகில் கொண்டுபோகக் கூடாது. இன்று பெரும்பாலான புது ஏசிகளில் உள்ள ஆர்-32 கேஸ் எளிதில் பற்றாது என்றாலும் தீப்பிடிக்கும் தன்மை உடையதே. அவுட்டோர் யூனிட்டின் மூடியைத் திறப்பதும் நம் வேலையன்று. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கசிவு உறுதியானால், ‘கொஞ்சம் கேஸ் ஏற்றிவிடுகிறேன்’ என்ற பேச்சுக்குச் சம்மதிக்கக் கூடாது. ஏசியின் கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் ஓட்டை இருக்கிறது. முனையை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் செய்து, நைட்ரஜன் செலுத்தி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வேக்யூம் பம்ப் கொண்டு குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, அதன்பின் பெயர்த்தகட்டில் எழுதியுள்ள எடைக்குத் தராசு வைத்துக் கேஸ் ஏற்ற வேண்டும். குழாய் கூடுதல் நீளமாகப் போயிருந்தால், அதற்குரிய கூடுதல் அளவு பொருத்தும் கையேட்டில் இருக்கும். வேக்யூம் செய்யாமல், கேஸையே சிறிது திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. உள்ளே தங்கும் ஈரம் எண்ணெயைக் கெடுத்துக் கம்ப்ரசரின் ஆயுளைக் குறைக்கும். அதன் விளைவு வாரண்டி முடிந்த பிறகுதான் தெரியும் என்பதே இதில் வருத்தமானது.

அவுட்டோர் யூனிட்டுக்கு மூச்சு விட இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பால்கனி கிரில்லுக்குள் வைத்து, அதன் முன்னால் துணி காயப்போடும் வீடுகளில், தான் வெளியேற்றிய அனலையே அது திரும்ப இழுத்துக்கொள்கிறது. அதன் பின்பக்கம் காற்று நுழையும் இடத்தின் வெப்பநிலை, தெருநிழலின் வெப்பநிலையைவிட 5 டிகிரிக்கு மேல் கூடுதலாக இருந்தால், இடத்தை மாற்றுவதைப் பற்றி இப்போதே பேச வேண்டும்.

மின்செலவை அளக்க இ.பி. மீட்டரே போதும். மீட்டரின் முகப்பில், ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை விளக்கு சிமிட்டும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். அது 3200 என்றால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஏசியை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிடத்தில் 80 சிமிட்டல்களை எண்ணினால், 80-ஐ 60-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுக்க 1.5 கிலோவாட் வரும். முழு வேகத்தில் இந்த எண் பெயர்த்தகட்டிலுள்ள மின்திறனுக்கு அருகில் இருக்க வேண்டும். நீண்ட காலச் செலவுக்கு, பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) ஸ்டார் லேபிளில் உள்ள ஆண்டு யூனிட்டை 1600-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கணக்கு ஆண்டுக்கு 1600 மணி நேர ஓட்டத்துக்கானது. லேபிளில் 800 என்றிருந்தால் மணிக்கு அரை யூனிட். 24 டிகிரியில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, இரவு படுக்கும்போதும் காலையிலும் மீட்டர் எண்ணைக் குறித்தால் உங்கள் கணக்கு கிடைக்கும். மேல் மாடி அறைக்கு அது லேபிளைவிடக் கூடுதலாகவே வரும். ஆனால் மூன்றாவது வாரத்தில், வானிலை மாறாமல், முதல் வாரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தால், கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடுகிறது என்று பொருள். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டும்போது அதற்கு முந்தைய யூனிட்டுகளில் பலவற்றின் கட்டண விகிதமும் உயர்ந்துவிடுவதால், இந்த வேறுபாட்டை பில் வரும்வரை காத்திருந்து தெரிந்துகொள்வது நல்லதல்ல.

ஒரு மணி நேர முழு ஓட்டத்துக்குப் பிறகு, ஸ்விட்சை அணைத்துவிட்டு பிளக்கின் வெளிப்புறத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால், சாக்கெட் தளர்ந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அந்த இணைப்பில் ஏசியை ஓட்டக் கூடாது.

குறை தெரிந்தால், வாரண்டி கார்டில் உள்ள எண்ணில் புகார் பதிவுசெய்து, புகார் எண்ணையும் தேதியையும் அதே நோட்டில் எழுத வேண்டும். வருபவரிடம், ‘கூலிங் கம்மியாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல், ‘முதல் வாரம் வித்தியாசம் 11, இப்போது 6, ஈரப்பதம் இரண்டு நாளும் 70’ என்று சொல்ல வேண்டும். செய்த வேலையையும் ஏற்றிய கேஸின் எடையையும் வேலைச் சீட்டில் எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கிளம்பும் முன்பே, அதே 20 நிமிடச் சோதனையை அவர் முன்னிலையில் செய்து எண்ணைக் குறிக்க வேண்டும். பதினைந்து நாள் கழித்து அதே நேரத்தில் இன்னொரு முறை அளக்க வேண்டும்.