நெல்லியும் முருங்கையும்: சத்து தட்டு வரை வந்து சேர

ஒரு பெருநெல்லிக்காயை நறுக்கி அப்படியே தட்டில் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெட்டுப்பட்ட பக்கம் பழுப்பேறியிருக்கும். காயிலுள்ள துவர்ப்புப் பொருள்களைக் காற்று தாக்கியதன் அடையாளம் அது. அதே காற்றில் வைட்டமின் சி-யும் குறைந்துகொண்டே வரும், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று நாம் தேடிப்போகும் பொருள்களின் குணமே இதுதான்: ஆக்ஸிஜனோடு சட்டென்று வினைபுரிந்து தம்மையே செலவழித்துக்கொள்ளும். அந்த வினை உடம்புக்குள் நடக்க வேண்டும், அரிவாள்மனையிலும் அடுப்பிலும் நடந்து முடிந்துவிடக் கூடாது.

உடம்புக்குள் என்ன வேலை? கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்கள், அவற்றைக் கொல்வதற்கு வீரியமான ஆக்ஸிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. அந்த ஆயுதம் தங்களையே தாக்காமல் இருக்க, இரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி-யை இவை தமக்குள் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. மனித உடம்பால் இந்த வைட்டமினைத் தயாரிக்க முடியாது. அதிகம் சாப்பிட்டால் மிச்சம் சிறுநீரில் போய்விடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பத்து நெல்லிக்காய் தின்பதைவிடத் தினமும் ஒன்று தின்பதுதான் பயன்.

அளவும் பெரிதில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65. அதே நிறுவனத்தின் 2017 உணவுப் பட்டியலில் 100 கிராம் நெல்லிக்காய்க்கு 252 மில்லிகிராம் இருக்கிறது. பழைய பட்டியலின் 600 என்ற எண்தான் இன்னும் பல இடங்களில் சுற்றிவருகிறது. குறைந்த எண்ணையே கணக்கில் வையுங்கள். கொட்டை நீக்கிய சதை 30 கிராம் என்றாலும் 75 மில்லிகிராம் கிடைத்துவிடும். அரைநெல்லிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. புளிப்பு இருந்தாலும் அதில் வைட்டமின் சி மிகக் குறைவு.

நெல்லிக்காய்ப் பச்சைத் துவையல் (நான்கு பேருக்கு)

நெல்லிக்காய் 4, தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி, பச்சை மிளகாய் 2, இஞ்சி ஒரு சிறு துண்டு, உப்பு. முதலில் தாளிப்பை முடித்து ஆறவிடுங்கள்: நல்லெண்ணெய் 1 தேக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம். தேங்காய், மிளகாய், இஞ்சி, உப்பை அரைத்துக்கொண்ட பிறகு, கடைசியில் நெல்லிக்காயைக் குழவியால் தட்டிச் சுளையாகப் பிரித்து, கொட்டையை எடுத்துவிட்டு மிக்ஸியில் போட்டு இரண்டே சுற்று. ஆறிய தாளிப்பைக் கலந்து உடனே பரிமாறுங்கள். பலரும் நெல்லிக்காயை எண்ணெயில் வதக்கிவிட்டு அரைக்கிறார்கள். துவர்ப்பு தணியும், சத்தும் தணியும். துவர்ப்பு பிடிக்காவிட்டால் வதக்குவதற்குப் பதில் இரண்டு கரண்டி கெட்டித் தயிர் சேர்த்துப் பச்சடியாக்குங்கள். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைக்காதீர்கள். செம்பு பட்டால் வைட்டமின் சி வேகமாகச் சிதையும்.

பருவம் முடிந்த பிறகும் வேண்டுமென்றால், சுளைகளைத் துருவி ஐஸ் தட்டில் அழுத்தி உறைய வைத்து, கட்டிகளைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியிலேயே வையுங்கள். வேண்டும்போது ஒரு கட்டியை நேராக மோரில் போட்டுக் கலக்கலாம். வெயிலில் காயவைத்த நெல்லிவற்றலும் தேன் நெல்லியும் ருசிக்கு நல்லவை. ஆனால் பச்சைக்காயின் வைட்டமின் சி கணக்கை அவற்றுக்குப் போடாதீர்கள்.

முருங்கைக்கீரைக்கு முறையே வேறு

இதில் முக்கியமானது, உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின். அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சூட்டையும் ஓரளவு தாங்கும். எண்ணெயோ தேங்காயோ சேராத கீரைச்சாறு குடிப்பவர்களுக்கு அதில் சொற்பமே உடம்பில் சேர்கிறது. கீரையை வேகவைத்து, பச்சையாக இறங்கிய தண்ணீரைக் கீழே கொட்டுவது அடுத்த தவறு. நீரில் கரையும் சத்தெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

காம்போடு அலசி, துணியில் பத்து நிமிடம் பரப்பி ஈரம் போனபின் உருவுங்கள். ஈரத்தோடு வாணலியில் போட்டால் உருண்டை உருண்டையாகத் திரண்டுகொள்ளும். இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், எட்டுச் சின்ன வெங்காயம் வதக்கி, 100 கிராம் கீரையைப் போட்டு, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து ஐந்து முதல் ஏழு நிமிடம் வேகவிடுங்கள். கீரை சுண்டிய பிறகுதான் உப்பு. முதலிலேயே போட்டால் கரிக்கும். தேங்காய்த் துருவல் தூவி, அடுப்பை அணைத்து, சூடு தணிந்ததும் அரை எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பு உதவும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அந்த உதவி வீணாகும், ஒரு மணி நேரம் விடுங்கள்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினோடு, மிளகின் காரப்பொருளான பைபரினைச் சேர்த்தால் உறிஞ்சப்படுவது பல மடங்கு கூடியதாக 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் அதில் கொடுத்தது 2 கிராம் குர்குமின். கால் தேக்கரண்டி மஞ்சள்தூளில் இருப்பது 20 மில்லிகிராம் அளவுதான். பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் குடியுங்கள், தொண்டைக்கு இதம், மருந்தாக நம்பவேண்டாம்.

எதிர்பார்ப்பிலும் அளவு வேண்டும். தினமும் வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2013 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வில், பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் குறைந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்த பெரிய ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் கூடியதாக 1994-இல் முடிவு வெளியானது. அதனால் கீரையாகவும் காயாகவும் சாப்பிடுங்கள், மாத்திரையை மருத்துவர் சொன்னால் மட்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரக நோயுள்ளவர்கள் பொட்டாசியத்துக்காகக் கீரை அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.