காலிப்பர் முள் நிற்கும்வரை காத்திருக்காதீர்கள்

அமெரிக்காவில் மகனின் உயர்நிலைப்பள்ளி மல்யுத்த அணிக்குத் உடல் கொழுப்பைக் கணிக்க, காலிப்பர் என்ற கவ்வும் கருவியால் தோல்மடிப்பின் தடிமனை அளக்க உதவுகிறேன். 60 கிலோ பையன் ஒருவனுக்குக் கொழுப்பு ஒருநாள் 12 சதவீதம், மறுநாள் 9. பையன்களுக்கு இங்கே 7 சதவீதம்தான் கீழ் எல்லை. கொழுப்பு நீங்கிய எடையை 0.93-ஆல் வகுத்தால், போட்டிக்காக அவன் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடை: 56.8 கிலோவா, 58.7-ஆ? வளரும் பிள்ளை, தப்பாகச் சொல்லிவிட முடியாது.

காலிப்பரை மாற்றினேன், பயனில்லை. உடலில் சிறு மின்சாரம் செலுத்திக் கொழுப்பைக் கணிக்கும் மின்தடைத் தராசு, தண்ணீர் குடித்தாலே வேறு எண் காட்டியது. நாலு நாள் போனது.

அப்புறம்தான் கவனித்தேன். மடிப்பைக் கவ்வியதும் முள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கிறது; கொழுப்பு அமுங்குகிறது. சில நாள் அது நிற்கும்வரை காத்திருந்திருக்கிறேன். இப்போது இரண்டு விநாடியில் படிக்கிறேன், பயிற்சிக்கு முன், வியர்வையில்லாத தோலில், மேற்கையின் பின்புறம், முழங்கை மடக்கி டேப்பால் அளந்து குறித்த நடுப்புள்ளியில். மூன்று முறையும் அரை மில்லிமீட்டருக்குள் வந்தது. அப்பாடா!