பிளான்டட் டேங்க் வைக்கிறவர்கள் மண்ணிலேயே செய்துவிடும் தவறு

இரண்டு மாதம் முன்பு, தெரிந்த தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். பிளான்டட் டேங்க், அதாவது நீர்ச்செடி வைத்த மீன்தொட்டி. இரண்டடித் தொட்டி, அழகான வேர்க்கட்டை, செடிக்கு ஓரமாக வாலிஸ்நேரியா, முன்னால் கிரிப்டோகோரைன். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அண்ணா, டேங்க் ரெடி. சாயங்காலம் கொளத்தூர் போய் மீன் வாங்கிட்டு வந்துடவா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் மூன்று அங்குலத்துக்குக் கறுப்பு மண், அதில் தேங்காய் நார்த்துகள், மேலே மாவு மாதிரி மணல். கண்ணாடியை ஒட்டி மண்ணுக்குள் குமிழ்கள் சிக்கியிருந்தன. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, ஏனென்றால் இதே மாதிரித் தொட்டியை நான் 2016 கோடையில் வைத்திருந்தேன். "மீன் வாங்காதே, முதலில் அந்த மண்ணை எங்கே வாங்கினாய் சொல்" என்று கேட்டேன். நர்சரியில் என்றான்.

குளோரின் போகத் தண்ணீரைப் பிடித்து வை, அளவாகத் தீனி போடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். இந்த மண் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். விளக்கை மாற்றலாம், ஃபில்டரை மாற்றலாம், மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம். அடியில் கிடக்கும் மண்ணை மாற்ற வேண்டுமென்றால் மேலே இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

நர்சரி மண்

நர்சரியில் மூட்டையாகக் கிடைக்கும் மண்கலவை தொட்டிச்செடிக்கானது. செம்மண், நார்த்துகள், தொழு உரம் அல்லது மண்புழு உரம், அதோடு பூச்சி வராமல் இருக்க வேப்பம் புண்ணாக்கு. சில இடங்களில் எலும்புத்தூளும் சேர்ப்பார்கள். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் அருமையான கலவை. அதைத் தண்ணீருக்கு அடியில் போட்டு மூடும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

மீன் குளம் வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். குஞ்சு விடுவதற்கு முன் குளத்தில் இருக்கும் வேண்டாத மீன்களை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து ஊற்றுவார்கள். அதில் இருக்கும் சப்போனின் என்கிற நஞ்சு செவுள் வழியே ரத்தத்தில் கலந்து, சிவப்பணுக்களைச் சிதைத்து மீனைக் கொல்லும். வேம்பு அந்த அளவுக்கு வேகமானது இல்லை, ஆனாலும் மீனுக்கும் இறாலுக்கும் ஆகாது, குறிப்பாக இறாலுக்கு ஆகவே ஆகாது. மூட்டையில் எந்தப் புண்ணாக்கு எவ்வளவு கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே பல சமயம் தெரியாது. அதை அள்ளி 50 லிட்டர் தண்ணீருக்கு அடியில் போட்டு, அதன் மேலே டெட்ரா மாதிரி சின்ன மீன்களை விடுகிறோம்.

என் தொட்டி இரண்டரை அடி. மூன்று அங்குல உயரத்துக்கு 20 லிட்டருக்கு மேல் மண் கொட்டினேன். உரம் அதிகம் இருந்தால் செடி நன்றாக வரும் என்று நம்பினேன், முதல் பத்து நாள் அப்படித்தான் வந்தது. வாலிஸ்நேரியா தினமும் விரல் அளவு வளர்ந்தது. அந்தத் தைரியத்தில் 18 எம்பர் டெட்ரா வாங்கி விட்டேன். மறுநாள் காலை எல்லாம் மேல் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. ஒன்றைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். செவுள் மூடி விரிந்து, உள்ளே ரத்தச் சிவப்பு. சாயங்காலத்துக்குள் 11 போய்விட்டன.

காரணம் அம்மோனியா. முழுதாக மக்காத உரம் தண்ணீரில் அழுகும்போது வாரக்கணக்கில் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். அதில் எவ்வளவு பங்கு கொடிய நஞ்சாக இருக்கும் என்பது தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-காரத் தன்மையின் அளவைப் பொறுத்தது. பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் ஏறத்தாழ பத்து மடங்கு. சூடு கூடினாலும் ஏறும். பிஎச் கூடிய போர்த் தண்ணீரும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன். டெஸ்ட் கிட்டில், அம்மோனியா இல்லை என்று காட்டும் மஞ்சள் வர வேண்டிய இடத்தில் ஒவ்வொரு நாளும் பச்சைதான் வந்தது.

அது ஒருவழியாக அடங்கியது. முடிந்தது என்று நினைத்து மறுபடியும் மீன் வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து, அடர்ந்துபோன வாலிஸ்நேரியாவில் ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் கன்னங்கரேல் என்று, தொட்டால் கையோடு வழிந்துகொண்டு வந்தது. அந்தக் குழியிலிருந்து ஒரு பெரிய குமிழ் எழும்பி உடைந்தது, அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்கப் பரவி, அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து ஜன்னலைத் திறந்தார். ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும் பொருளிலிருந்து வருவது. மூன்று அங்குல மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் நைஸ் மணலைப் போட்டு, சிமென்ட் பூசியதுபோல் நானே அடைத்து வைத்திருந்தேன். அன்று இரவுக்குள் மிச்ச மீன்களும் போயின. பிறகு மூன்றாவது மாடியிலிருந்து பக்கெட் பக்கெட்டாக அந்தச் சேற்றைக் கீழே இறக்கினேன். செடி, மீன், மண் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கும். பணத்தை விடுங்கள், 30 உயிருக்கு மேல் என் அவசரத்தால் போனது.

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது எதற்கென்றால், "கடையில் விற்கும் அக்வா சாயில் எதற்கு, நர்சரி மண் நூறு ரூபாய்" என்று, நீர்ச்செடிக்கென்றே தயாரித்து விற்கும் அந்த மண்ணைத் தள்ளிவிட்டு, இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வீடியோவில் முதல் வாரத்துப் பச்சையைக் காட்டுவார்கள், மூன்றாவது மாதத்தைக் காட்டுவதில்லை.

மண் போட்டே ஆக வேண்டும் என்றால்

போடலாம், மண்ணில் வைத்த தொட்டிதான் எனக்கும் பிடித்தது. உரம் படாத, பூச்சிமருந்து அடிக்காத இடத்துச் செம்மண்ணை எடுத்துச் சலித்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் ஊறவைத்து, மேலே மிதப்பதை எல்லாம் வழித்து ஊற்றிவிட்டு, வெயிலில் காயப் போடுங்கள். மறுபடி நனைத்து மறுபடி காயவைக்க வேண்டும், இப்படி மூன்று நான்கு முறை. அழுக வேண்டியது எல்லாம் வெளியிலேயே அழுகித் தீர்ந்துவிடும். மண்புழு உரம் சேர்ப்பதாக இருந்தால் அதையும் இதே மாதிரி அலசிக் காயவைத்து, நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் சேருங்கள். இரண்டடித் தொட்டிக்கு ஒரு அங்குலம் போதும், அது நாலரை லிட்டர்தான் வரும். மேலே ஒரு அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம், இரண்டு மூன்று மில்லிமீட்டர் பருமனுள்ள மணல். சர்க்கரையைவிட நைஸாக இருந்தால் வேண்டாம்.

சில மாதத்தில் கண்ணாடி ஓரமாக மண்ணுக்குள் கறுப்புத் திட்டு தெரியும். அதைக் கண்டு பயந்து தொட்டியைக் கலைத்துவிடாதீர்கள். செம்மண்ணில் இருக்கும் இரும்பு அந்த சல்ஃபைடைப் பிடித்து வைப்பதால் வரும் நிறம் அது, நல்லதுதான். நாற்றம் வந்தாலோ வேர் கறுத்து வழிந்தாலோதான் ஆபத்து. ட்ரம்பெட் நத்தை நாலைந்து விட்டால் மணலைக் கிளறிக்கொண்டே இருக்கும்.

மண்ணில் பூச்சிமருந்து இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நான் செய்யும் சோதனை இது. ஒரு பக்கெட்டில் அந்த மண் நாலு கை, மேலே தண்ணீர். இரண்டு நாள் கழித்து, வேறு எங்காவது தேங்கிய தண்ணீரிலிருந்து இருபது கொசுப்புழுவைப் பிடித்து அதில் விட்டு, வாய்க்குக் கொசுவலைத் துணியை இறுகக் கட்டிவிடுங்கள். கொசுப்புழு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் தாங்கும். வேம்பு இருந்தால் தாங்காது. வேம்பு உடனே கொல்லாமல், புழுவைத் தோலுரித்து வளரவிடாமல் தடுக்கும். நம் வெயிலுக்கு ஒரு வாரத்துக்குள் அவை கமா வடிவக் கூட்டுப்புழுவாக மாறிவிட வேண்டும். மாறினால் மண் பரவாயில்லை, புழுவை வடிகட்டி மீனுக்கே போட்டுவிடலாம். செத்தாலோ, புழுவாகவே சுருண்டு கிடந்தாலோ அந்த மண் வேண்டாம். இறால் விடப்போகிறவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள்.

இவ்வளவு பொறுமை இல்லையென்றால் அலசிய வெறும் மணல் போட்டு, வேருக்குப் பக்கத்தில் உர மாத்திரை வையுங்கள். வாலிஸ்நேரியாவும் கிரிப்டோகோரைனும் அதிலேயே நன்றாக வரும். அப்புறம், விலை கொடுத்து வாங்கும் அக்வா சாயிலும் பெரும்பாலும் முதல் சில வாரம் அம்மோனியா விடும். எந்த மண்ணானாலும் நான்கு முதல் ஆறு வாரம் தொட்டியில் செடி மட்டும்தான். கிட்டில் அம்மோனியாவும், அதிலிருந்து உருவாகும் இன்னொரு நஞ்சான நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டின பிறகு மீனைப் பற்றி யோசிக்கலாம்.

செடியைக் கொஞ்சமாக வைப்பது

நாலு செடி வைத்து, பரவட்டும் என்று காத்திருப்பார்கள். செடிக்கு முன்னால் பாசி பரவிவிடும். இந்த இயற்கை பாணியை உலகத்துக்குக் காட்டிய ஜப்பானியர் தகாஷி அமானோவின் தொட்டிப் படங்களைப் பாருங்கள், எவ்வளவு அடர்த்தி. பாசி தின்னும் இறாலைத் தொட்டிக்குள் கொண்டுவந்து பிரபலமாக்கியவரும் அவர்தான், அதனால்தான் அதற்கு அமானோ இறால் என்று பெயர். முதல் நாளே தரையில் முக்கால் பங்கு செடியாக இருக்கட்டும். கையில் பணம் குறைவென்றால் ஹைக்ரோஃபிலா, வாலிஸ்நேரியா மாதிரி விலை மலிந்து வேகமாக வளர்கிறவற்றைக் கட்டுக்கட்டாக வாங்கி நட்டுவிட்டு, பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

விளக்கு

தினமும் ஆறு மணி நேரம். டைமர் வாங்குங்கள்.

இலை கரைகிறது என்று பிடுங்கிப் போடுவது

கிரிப்டோகோரைனை நட்ட ஒரு வாரத்தில் இலையெல்லாம் கூழாகும். பண்ணையில் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே வளர்த்த செடி அது, தண்ணீருக்குள் வந்ததும் பழைய இலையை உதிர்த்துவிட்டுப் புது இலை விடும். கரைந்த இலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, வேரை அசைக்காமல் மூன்று வாரம் பொறுங்கள். எத்தனையோ பேர் உயிருள்ள கிழங்கைக் குப்பையில் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

கரையில் வாழும் செடியை விற்றால்

லக்கி பேம்பூவும் டிரசீனாவும் அக்லோனிமாவும் நீர்ச்செடி இல்லை. முழுக்க மூழ்கினால் நாளடைவில் அழுகும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன்

தண்டை மண்ணில் புதைக்காதீர்கள், கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள்.

கல்

ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தண்ணீரின் கடினத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். எலுமிச்சை வீரியம் குறைந்தது, நுரைக்கவில்லை என்பதை வைத்து மட்டும் நம்பிவிட வேண்டாம். கழிவறை கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டால் தெளிவாகத் தெரியும். கையுறை போட்டுக்கொண்டு, வெளியில் வைத்துச் செய்யுங்கள், பிறகு கல்லை நன்றாகக் கழுவிவிடுங்கள். கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கும், அதைத் தொடவே வேண்டாம்.

மீனைக் கண்ணால் தேர்ந்தெடுப்பது

உங்கள் குழாயில் என்ன தண்ணீர் வருகிறதோ அதற்கேற்ற மீனை வாங்குங்கள். கடினமான போர்த் தண்ணீரில் கப்பி, பிளாட்டி, மோலி எல்லாம் சந்தோஷமாகப் பெருகும். நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீரும் 21 முதல் 26 டிகிரி வரை குளிர்ச்சியும் வேண்டும். மே மாதம் சென்னையில் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தாண்டும். சின்ன ஃபேனைத் தண்ணீரின் மேல் வீச வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், அவ்வளவுதான் முடியும்.

இன்னொன்று மிஸ் கேரளா என்கிற டெனிசன் பார்ப். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்து ஆறுகளில் குளிர்ந்து ஓடும் தண்ணீரில் கூட்டமாக நீந்தும் மீன், அழியும் நிலையில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட இனம். கையளவு வளரும். இரண்டடித் தொட்டியில் இரண்டு மட்டும் வாங்கி விட்டு, ஏன் மூலையில் ஒளிகிறது என்று கேட்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. நாலடித் தொட்டியும் ஆறு மீனும் இல்லாமல் அதை வாங்காதீர்கள், வாங்கினாலும் பண்ணையில் வளர்த்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்த மீனானாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாமல், ஒரு கூட்டம் விட்டு இரண்டு வாரம் கழித்து அடுத்தது.

சக்கர் மீன்

பாசி தின்னும் என்று விரல் நீளத்தில் விற்பார்கள், ஒரு அடிக்கு மேல் வளரும், செடியை வேரோடு பெயர்க்கும். அதன்பின் ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். அப்படிப் போனவைதான் ஆந்திரத்து ஆறுகளிலும் கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் பெருகி மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள்.

ஃபில்டர் ஸ்பாஞ்ச்

குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழியுங்கள்.

செம்பு கலந்த மருந்து

இறால் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

அந்தத் தம்பி அன்று மீன் வாங்கப் போகவில்லை. மூட்டையில் மிச்சமிருந்த மண்ணை வைத்து மொட்டைமாடியில் பக்கெட் சோதனை செய்தான். எட்டாவது நாள் படம் வந்தது: இருபதில் ஒன்றுகூடக் கூட்டுப்புழு ஆகவில்லை, பாதி அடியில் கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். செடிகளை அலசி ஒரு டப்பில் போட்டுவிட்டு, அடி மண்ணை முழுக்க வழித்து எடுத்து, மொட்டைமாடியில் அவன் அம்மா வைத்திருந்த ரோஜாத் தொட்டிகளில் கொட்டினோம். இப்போது வெறும் மணலும் உர மாத்திரையுமாக வாலிஸ்நேரியா ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். வருகிற ஞாயிறு எட்டு பிளாட்டி வாங்கப் போகிறோம்.