15 வருட பைக்கை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோகும் முன்

தனியார் பைக்கின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டினால் ஐந்து வருடம் நீட்டிப்பார்கள். காலாவதிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம்.

பழைய வண்டி வாங்கியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, சேஸிஸ் நம்பரை. பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயில் அடித்திருக்கும். துரு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். எழுத்து தேய்ந்தால் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். ஒவ்வோர் எழுத்தையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். டேங்க் நிறம் ஆர்.சி.யில் உள்ளதிலிருந்து மாறியிருந்தாலும் சிக்கல்தான்.

அடுத்து புகை. 2000-க்குப் பின் வந்த, பி.எஸ்.6 மாசு விதிக்கு முந்தைய நாலு ஸ்ட்ரோக் பைக்குக்கு ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் முறுக்காமல் எஞ்சின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 4500 பி.பி.எம்.மும் வரம்பு. தாண்டினால் பெரும்பாலும் அடைத்த ஏர் ஃபில்டர் அல்லது கார்புரேட்டர் செட்டிங். இரண்டும் மலிவான வேலை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல். அது செலவு, வாங்கும்போதே விலையில் கழியுங்கள். சோதனைக்கு எஞ்சினைச் சூடாக்கிக் கொண்டுபோங்கள்.

பிரேக் லைட் முன் லீவருக்கும் பின் பெடலுக்கும் தனித்தனியாக எரிய வேண்டும். இண்டிகேட்டர் வேகமாகத் துடித்தால் ஒரு பல்பு போயிருக்கும். டயரில் தேய்மான மேடு ரப்பரோடு சமமாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் 'டக்' என்றால் கோன்செட் (கழுத்து பேரிங்) போய்விட்டது. சத்த சைலன்சரைக் கழற்றி கம்பெனி சைலன்சரையே மாட்டுங்கள்.