உள்தாள் மாற்றிக்கொள்ளும் தோல் ஸ்கெட்ச் புத்தகம்: நான் செய்யும் முறை

கடையில் விற்கும் ஸ்கெட்ச் புத்தகத்தில் எனக்கு ஒரே குறைதான். ஒரே தாளை நூறு பக்கத்துக்கும் நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். பேனாவுக்கு ஏற்ற தாள் வாட்டர்கலரில் சுருங்கிப்போகும். வாட்டர்கலர் தாளில் ரயிலில் உட்கார்ந்து கிறுக்க மனசு வராது, விலை அப்படி. நான் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். தாளைப் பற்றிய பிடிவாதம் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். அதனால்தான் மேலே ஒரு தோல் உறை, உள்ளே தனித்தனியாகத் தைத்த மெல்லிய புத்தகங்கள், அவற்றைப் பிடித்துக்கொள்ள ஒரு எலாஸ்டிக் கயிறு என்ற இந்த அமைப்புக்கு மாறினேன். ஜப்பானின் மிடோரி நிறுவனம் 2006இல் கொண்டுவந்த டிராவலர்ஸ் நோட்புக் இதே ஏற்பாடுதான். அதன் உள்புத்தகம் ஒடுக்கமானது. நமக்கு ஏ5 வசதி, ஏனென்றால் ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் ஏ5 வந்துவிடும்.

முதலில் தோல். சென்னையில் இருப்பவர்கள் பெரியமேட்டுக்குப் போங்கள். சைடன்ஹாம்ஸ் சாலையையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் ஒரு நடை நடந்தால் போதும். கேட்கும்போது "நோட்டு அட்டைக்கு" என்று மட்டும் சொன்னால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள். "வெஜிடபிள் டேன், ஒன்றரையிலிருந்து இரண்டு மில்லிமீட்டர், ஃபினிஷ் அடிக்காதது" என்று கேளுங்கள், அதாவது மரப்பட்டை போன்ற தாவரச் சாற்றில் பதனிட்டு, மேலே பூச்சு எதுவும் போடாத தோல். நம் ஊரில் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று ஒன்று உண்டு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கம் மரப்பட்டைச் சாற்றில் பதனிடுவது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும், இப்போது பெரும்பாலும் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாறு. வெளிர் சந்தன நிறத்தில் இருக்கும், வெயில் பட்டுக் கைபட்டு மெல்லப் பழுப்பேறும். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து ஷூவுக்கு வரும் தோல் பெரும்பாலும் குரோம், அதாவது குரோமியம் உப்பு, போட்டுப் பதனிட்டது. அது மிருதுவானது, ஆனால் தொளதொள என்று இருக்கும், ஓரத்தைத் தேய்த்தாலும் பளபளப்பு வராது. சந்தேகம் வந்தால் தோலின் வெட்டு வாயைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் குரோம். இன்னொரு வழி, ஒரு சொட்டுத் தண்ணீர். பட்டையில் பதனிட்ட வெறும் தோல் உடனே உறிஞ்சிக் கறுக்கும்.

முதுகுப் பகுதித் தோலாகப் பார்த்து வாங்குங்கள். வயிற்றுப் பகுதி மலிவுதான், ஆனால் நாளாக நாளாக இழுபடும். அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். நமக்கு வேண்டிய உறை 220க்கு 320 மில்லிமீட்டர். பரப்பளவில் இது முக்கால் சதுர அடிதான். ஆனால் ஒரு அடிக்கு ஒரு அடி என்று துண்டு வாங்கினால் நீளம் 305 மில்லிமீட்டரில் நின்றுவிடும். ஸ்கேலைக் கையோடு எடுத்துப்போங்கள்.

அந்த 320 எப்படி வந்தது? ஏ5 அகலம் 148, அது இரண்டு பக்கம் சேர்த்து 296. முதுகுக்கு 14. இரண்டு ஓரத்திலும் 5 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க 10. உயரத்திலும் அதே போலத்தான், 210உடன் மேலே 5, கீழே 5. உள்ளே மூன்று புத்தகம் வைக்க இது போதும். தடித்த தாள் அதிகம் வைப்பவர்கள் முதுகுக்கு 20 விடலாம்.

தோலின் மேல்பக்கம் மேலே இருக்க, ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கட்டரால் வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட நினைக்க வேண்டாம். மூன்று நான்கு முறை லேசாக ஓட்டினால் ஓரம் நேராக நிற்கும். மூலைகளுக்கு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்டு வளைத்துவிடுங்கள். கூர்மையான மூலைதான் பையில் முதலில் மடங்கும். பிறகு 400 நம்பர் உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்து, விரலில் தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, பழைய ஜீன்ஸ் துணியால் சூடேறும்வரை தேய்க்க வேண்டும். ஓரத்து நார் படிந்து கண்ணாடி மாதிரி வரும். இதற்குப் பொறுமை வேண்டும், வேறு வித்தை ஒன்றும் இல்லை. எண்ணெய் பூசுவதாக இருந்தால் துணியில் தொட்டு மிக லேசாக. பெயர் பொறிப்பது, பூ வேலை, பித்தளைப் பொத்தான் எல்லாம் அவரவர் விருப்பம். நான் செய்வதில்லை, படம் வரையும்போது பொத்தான் மேஜையில் இடிக்கும்.

இப்போது ஓட்டை. உறையின் நடுக்கோட்டை உள்பக்கம் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மேல் ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 6 மில்லிமீட்டர் தள்ளி இரண்டு ஓட்டை. கீழேயும் அதே மாதிரி இரண்டு. எலாஸ்டிக் 2 மில்லிமீட்டர் உருண்டைக் கயிறு என்றால் ஓட்டை 2.5 போதும். நடுக்கோட்டின் மத்தியில், புத்தகத்தை மூடும் கயிற்றுக்காக 4 மில்லிமீட்டரில் ஒன்று. சுழலும் தலை உள்ள பெல்ட் பஞ்ச் நடு ஓட்டைவரை எட்டாது. அதற்குச் சுத்தியலால் தட்டும் பஞ்ச் வேண்டும், அல்லது செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் நொடியில் போட்டுத் தருவார். கத்தியால் கீறி வேலையை முடிக்காதீர்கள். கீறல் கிழிந்துகொண்டே போகும், வட்ட ஓட்டை கிழியாது.

கயிறு கோப்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 50 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். உள்பக்கத்திலிருந்து தொடங்கி மேல் இடது ஓட்டை வழியாக வெளியே விட்டு, மேல் வலது வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளேயே கீழே இறக்கி, கீழ் வலதில் வெளியே, கீழ் இடதில் உள்ளே. மறுபடி மேலே ஏற்றினால் தொடங்கிய நுனியிடம் வந்து சேரும். அங்கே முடிச்சு. வெளியிலிருந்து பார்த்தால் மேலும் கீழும் குட்டிக் கோடு மட்டும் தெரியும், உள்ளே இரண்டு இழை நிற்கும். இறுக்கத்தில் கவனம் தேவை. விரலால் இழையைத் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர் சுலபமாக எழ வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் தோல் வில்லாக வளைந்து, புத்தகம் மேஜையில் தட்டையாக விரியாது. மூடும் கயிறு 34 சென்டிமீட்டர். இரண்டாக மடித்து வளையத்தை நடு ஓட்டை வழியாக வெளியே இழுத்து, உள்ளே முடிச்சுப் போட்டால் முடிந்தது.

இனி தாள். உறைக்குச் செலவிடும் நேரத்தில் பாதியாவது இதற்குக் கொடுங்கள். தாளில் நார் ஒரு திசையில் ஓடும், அச்சகக்காரர்கள் கிரெய்ன் என்பார்கள். மடிப்பு அந்தத் திசையோடு போனால் தாள் சொன்னபடி படியும். குறுக்கே போனால் மடிப்பு வெடித்து, பக்கம் விறைத்துக்கொண்டு நிற்கும். தாளை அழுத்தாமல் இரண்டு திசையிலும் வளைத்துப் பாருங்கள். எந்த மடிப்புக்கு எதிர்ப்பு குறைவோ அதுதான் நார் ஓடும் திசை. கடையில் கட்டாக வரும் ஏ4இல் நார் பெரும்பாலும் நீளவாக்கில் இருக்கும். அதை ஏ5ஆக மடித்தால் குறுக்கே மடிக்கிறோம். அதனால் நான் நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 வாங்கிப் பாதியாக வெட்டுகிறேன். அப்போது திசை சரியாக அமைந்துவிடும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கேட்டால் வெட்டியே தருவார்கள், எந்தப் பக்கம் வெட்டுவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் உறையில் எப்போதும் மூன்று வகை. 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) கார்ட்ரிட்ஜ் எனப்படும் வரைதாளில் ஐந்து ஏ4, மடித்தால் 20 பக்கம், இது பேனாவுக்கு. 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாளில் மூன்று மட்டும், அதற்கு மேல் மடிப்பு தாங்காது. 22க்கு 30 அங்குல முழுத்தாளை எட்டாக வெட்டினால் 7.5க்கு 11 அங்குலம் வரும். மடித்தால் ஏ5ஐ விடக் கொஞ்சம் சிறியது, பரவாயில்லை. மூன்றாவது சாதாரண 75 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் என்னிடம் வேகமாக நிரம்புவது அதுதான், கெட்டுப்போனால் வருத்தமில்லை. கையால் செய்த காகிதத்தில் நார் திசை என்ற பிரச்சினையே கிடையாது, ஆனால் மை பரவுகிறதா என்று ஒரு துண்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தைப்பது சுலபம். தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, கரண்டியின் முதுகால் மடிப்பைத் தேய்த்து, வெளியே ஒரு பழுப்பு அட்டை. மடிப்பில் மூன்று ஓட்டை: நடுவில் ஒன்று, இரு முனையிலிருந்தும் 30 மில்லிமீட்டரில் ஒவ்வொன்று. விரித்த ஒரு தடிமனான பழைய புத்தகத்தின் நடுவில் வைத்துக் குத்தூசியால் குத்தினால் கோணாது. உயரத்தைப் போல இரண்டரை மடங்கு நூல், தேன்மெழுகில் இழுத்தது. மெழுகுவத்தி வேண்டாம், உதிரும். நடு ஓட்டையில் உள்ளிருந்து வெளியே போய், மேல் ஓட்டையில் உள்ளே வந்து, நடுவைத் தாண்டிக் கீழ் ஓட்டையில் வெளியே போய், திரும்ப நடுவில் உள்ளே வாருங்கள். உள்ளே ஓடும் நீள நூலின் இரு பக்கமும் இரு நுனிகள் நிற்க, அதன் மேல் முடிச்சுப் போடுங்கள். பக்க ஓரம் படி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், தைத்த பிறகு வெட்டிச் சமன் செய்யுங்கள்.

ஒவ்வொரு புத்தகத்தையும் நடுப்பக்கம் விரித்து ஒரு இழைக்குள் நுழைக்க வேண்டும். இழை இரண்டுதானே, மூன்றாவதுக்கு? இரண்டு புத்தகங்களைச் சேர்த்து, ஒரு எலாஸ்டிக் வளையத்தை இரண்டின் நடுமடிப்பிலும் மாட்டி ஜோடியாக்குங்கள். அந்த ஜோடிக்கு இடையே உள்ள இடுக்கில் பிரதான இழையை விட்டால் நிற்கும். நிரம்பியதை உருவி, அட்டையில் தேதி போட்டு எடுத்து வைத்துவிடலாம். எலாஸ்டிக் தளர்ந்தால் மாற்றுங்கள், பத்து நிமிட வேலை. மழைக்காலத்தில் மட்டும் இந்தத் தோலைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு அலமாரியில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பிடித்துவிட்டால் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றாட நிழலில் வையுங்கள்.