பத்தாம் வகுப்பு மின்சுற்றுப் பாடத்தை இலவச இணையக் கருவியைக் கொண்டு நடத்தும் முறை

பள்ளிக்கூடங்களுக்கு உதவும் இலவச இணையக் கருவிகள் இன்று ஏராளமாக உள்ளன. அவற்றில் பத்துக் கருவிகளை மேலோட்டமாக அறிந்திருப்பதைவிட, ஒரே ஒரு கருவியை ஒரு பாடத்துக்கு ஆழமாகப் பயன்படுத்தத் தெரிந்திருப்பதுதான் ஆசிரியருக்குக் கைகொடுக்கும் என்பது என் உறுதியான கருத்து. எனவே, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் வரும் மின்னோட்டவியல் பாடத்தை எடுத்துக்கொண்டு, தொடரிணைப்பையும் பக்க இணைப்பையும் ஃபெட் என்னும் பாவனை ஆய்வகத்தின் (கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்க உதவும் இணையதளம்) துணையோடு நடத்தும் முறையை இங்கே விளக்குகிறேன்.

ஃபெட், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய கார்ல் வீமன், அதற்கு முந்தைய ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு பெற்றவர். ஆங்கிலத்தில் பி, எச், இ, டி என்ற நான்கு எழுத்துகளோடு கொலராடோ என்ற பெயரையும் சேர்த்துத் தேடினால் தளம் கிடைத்துவிடும். அதில் நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் கருவியைத் திறந்து, மொழிபெயர்ப்புப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டாலும் திரையில் எழுத்து மிகக் குறைவு என்பதால் ஆங்கில வடிவமே போதும். பிறகு செய்ய வேண்டிய முக்கியமான வேலை, பதிவிறக்கப் பொத்தானை அழுத்திக் கோப்பைப் பென்டிரைவில் சேமித்துக்கொள்வது. அது ஒரே கோப்பாக இறங்கும். இணைய இணைப்பு இல்லாமலேயே எந்தக் கணினியின் உலாவியிலும் திறக்கும். பாடவேளை நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடம்தான் என்னும்போது, இணைப்பு வருமா வராதா என்ற கவலையோடு வகுப்புக்குள் நுழையக் கூடாது. கணக்குத் தொடங்கவோ மாணவர் பெயரைப் பதியவோ தேவையில்லாததும் இக்கருவியை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளியில் இரண்டு மாணவருக்கு ஒரு கணினி கொடுக்கலாம். ஒரே ஒரு திரையும் புரொஜெக்டரும் மட்டும் இருந்தாலும் பாடம் குறைபடாது. ஏனென்றால் கற்றல் பெரும்பாலும் நிகழ்வது பொத்தானை அழுத்துவதற்கு முன்புதான். ஒரு மின்கலத்தோடு ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்த படத்தைக் கரும்பலகையில் வரைந்து, எது பிரகாசமாக எரியும் என்று கேளுங்கள். மின்கலத்தின் நேர்முனைக்கு அருகில் உள்ளதா, எதிர்முனைக்கு அருகில் உள்ளதா, இரண்டும் சமமா? ஒவ்வொருவரும் விடையைக் காரணத்தோடு நோட்டில் எழுதட்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டுக் கையுயர்த்தட்டும். முதல் பல்பு மின்னோட்டத்தின் ஒரு பகுதியைச் செலவழித்துவிடுகிறது, மிச்சம்தான் அடுத்ததற்குப் போகிறது என்ற எண்ணம் உலகெங்கும் மாணவர்களிடம் காணப்படுவது. அந்த எண்ணம் வெளியே வந்த பிறகுதான் சுற்றைத் திரையில் அமைக்க வேண்டும்.

கருவியில் மின்கலம் 9 வோல்ட்டாகவும் பல்பு 10 ஓமாகவும் முன்கூட்டியே அமைந்திருக்கும். ஒரு பல்பு மட்டும் இருந்தால் அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டும். இரண்டைத் தொடராக இணைத்தவுடன் அது 0.45 ஆகக் குறைவதையும், முதல் பல்புக்கு முன்பு, இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின்பு என எங்கே அளந்தாலும் அதே 0.45 வருவதையும் மாணவர்களில் ஒருவரே வந்து அளந்து காட்டட்டும். அடுத்துப் பக்க இணைப்பு: ஒவ்வொரு பல்புக்கும் 0.9, மின்கலத்திலிருந்து மொத்தம் 1.8. ஒரே நீட்டிப்புப் பலகையில் பல சாதனங்களைச் செருகினால் அதன் கம்பி ஏன் சூடாகிறது என்ற கேள்விக்கு விடை இங்கேயே இருக்கிறது; அதை நீங்கள் சொல்லாமல் மாணவர்களையே சொல்லவிடுங்கள்.

நேரம் இருந்தால், ஒரு பல்பின் மின்தடையை 20 ஓமாக மாற்றச் சொல்லுங்கள். தொடரிணைப்பில் மின்னோட்டம் 0.3 ஆம்பியர்; 20 ஓம் பல்பு 1.8 வாட்டும் 10 ஓம் பல்பு 0.9 வாட்டும் பெறுவதால் முன்னதே பிரகாசமாக எரியும். பக்க இணைப்புக்கு மாற்றினால் 10 ஓம் பல்பு 8.1 வாட், மற்றது 4.05 வாட் என்று நிலை தலைகீழாகிவிடும். மின்தடை கூடினால் வெளிச்சம் குறையும் என்று மனப்பாடமாகச் சொல்லும் நல்ல மாணவரும் இங்கே ஒரு கணம் நின்று யோசிப்பார். இந்தப் பாடவேளையில் நான் மிகவும் மதிக்கும் கேள்வி இதுதான். இதற்கு ஐந்து நிமிடமாவது ஒதுக்குங்கள்.

திரையில் ஓடும் நீலப் புள்ளிகளை மாணவர்கள் உண்மையான எலக்ட்ரான்களாகவே நம்பிவிடக்கூடும். அது ஒரு மாதிரிதான் என்பதையும், கம்பியில் எலக்ட்ரான்கள் உண்மையில் மிக மெதுவாகவே நகர்கின்றன என்பதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அதே நாளிலோ மறுநாளிலோ உண்மையான டார்ச் பல்புகளையும் மின்கலத்தையும் கொண்டு சுற்றை அமைத்துக் காட்டுவதும் தேவை. அப்போது தொடரிணைப்பில் மின்னோட்டம் சரிபாதியாகக் குறையாமல், பாதியைவிடச் சற்று அதிகமாக இருக்கும்; இழை அதிகம் சூடாகாதபோது அதன் மின்தடை குறைவாக இருப்பதே காரணம். திரைக்கும் மேசைக்கும் உள்ள அந்த வேறுபாட்டை மறைக்காமல், அதையே அடுத்த கேள்வியாக முன்வையுங்கள்.

பாடம் முடிந்ததும் சிறு தேர்வு வைக்கக் கூகுள் படிவம் போதும். ஆனால் மின்னஞ்சல் முகவரி சேகரிக்கும் அமைப்பை நிறுத்திவிட்டு, வருகைப் பதிவேட்டு எண்ணை மட்டும் கேளுங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தையே. அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் தேவை என்று அச்சட்டம் கூறுவதால், தேவைப்படாத எதையும் கேட்காமலிருப்பதே பாதுகாப்பானது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொறுத்தவரை, இப்போதைக்கு அவற்றை ஆசிரியரின் மேசையிலேயே வைத்துக்கொள்வது நல்லது என்று கருதுகிறேன். சாட்ஜிபிடியின் விதிமுறைகளே 13 வயதுக்குட்பட்டோரை அனுமதிப்பதில்லை. 18 வரை பெற்றோர் ஒப்புதல் கேட்கின்றன. மாணவர்களிடம் இருக்கக்கூடிய தவறான எண்ணங்களைக் கொண்டு நான்கு விருப்ப விடைகளோடு வினா அமைத்துத் தரும்படி நீங்கள் கேட்கலாம். வரும் ஒவ்வொரு விடையையும் கணக்கிட்டுச் சரிபார்த்து, பாடநூல் வழங்கும் கலைச்சொற்களுக்கு மாற்றிய பிறகே வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். சுற்றுப் பற்றிய வினாவென்றால், அதை ஃபெட்டிலேயே அமைத்து அம்மீட்டர் காட்டும் அளவோடு ஒப்பிட்டுவிடலாம்.